ஒண்ணு, ரெண்டு, மூணு: மிட்ஸில் முதல் காம்பினேஷன்கள்

குத்துச்சண்டை பழக வரும் பிள்ளைகள் முதல் நாளே ஆசைப்படுவது மிட்ஸுக்குத்தான். பயிற்சியாளர் இரு கைகளிலும் மாட்டி நிற்கும் அந்தத் தோல் பேட்களில் 'டொப் டொப்' என்று அடி விழும் சத்தத்தைக் கேட்டே பாதிப் பேர் மைதானத்துக்குள் வருகிறார்கள். ஆசை நியாயமானது. தொங்கும் பையில் எப்படி அடித்தாலும் பை ஒன்றும் சொல்லாது. மிட்ஸ் பிடிப்பவர் தூரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், திறந்து கிடக்கும் கன்னத்தைத் தொட்டுக் காட்டலாம். அதே நேரம், மிட்ஸைத் தப்பாகப் பிடித்தால் தப்பான குத்தும் அதே வேகத்தில் உடம்பில் ஊறிவிடும். பிறகு அதைக் கழற்ற மாதங்கள் ஆகும். பாளையங்கோட்டை மைதானங்களிலும், அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளித் திடல்களிலும், வீட்டு மொட்டை மாடிகளிலும் தம்பி தங்கைகளுக்குப் பேட் பிடித்துக் கொடுக்கும் அண்ணன்மாரையும் அக்காமாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

ஆறு எண்கள்

உலகெங்கும் பல பயிற்சிக் கூடங்களில் குத்துகளுக்கு எண் வைத்துக் கூப்பிடுகிறார்கள். இடது காலை முன்வைத்து நிற்கும் வலக்கைக்காரருக்கு 1 என்பது முன்கையால், அதாவது முன்னே நிற்கும் கையால், நேராக விடும் ஜாப். 2 என்பது பின்கையால் நேராக விடும் கிராஸ். 3 முன்கை ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து விடுவது), 4 பின்கை ஹூக், 5 முன்கை அப்பர்கட் (கீழிருந்து மேலே விடுவது), 6 பின்கை அப்பர்கட். இடக்கைக்காரர் வலது காலை முன்வைத்து நிற்பார். அவருக்கும் 1 முன்கைதான், 2 பின்கைதான். எண் கைக்குச் சொந்தமானது அல்ல, முன் பின் இடத்துக்குச் சொந்தமானது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் இடக்கைப் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு 1, 2, 3 போதும். அப்பர்கட்டை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பிள்ளைகள் கையை இடுப்பு வரை இறக்கி அள்ளி எறியப் பழகுகிறார்கள். அந்தக் கெட்ட பழக்கம் ஜாப்பையும் கெடுக்கும்.

கார்ட் என்று சொல்லும் நிற்கும் நிலையைப் பற்றிச் சுருக்கமாக: கால்கள் தோள் அகலம், முன்பாதம் சற்றே உள்நோக்கித் திரும்பியது, பின்குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பியது, முழங்கால்கள் இளகியவை, முழங்கைகள் விலாவை ஒட்டியவை, இரு முஷ்டிகளும் கன்ன எலும்பருகே, தாடை கீழே. இப்படி ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடியாத பிள்ளைக்கு மிட்ஸ் இன்னும் வேண்டாம்.

ஏன் 1-2-3, ஏன் 1-2-4 இல்லை

காம்பினேஷன் என்றால் கைக்கு வந்த குத்துகளை வரிசையாக அடுக்குவது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த வரிசையைத் தீர்மானிப்பது உடம்பின் எடை. கார்டில் நிற்கும்போது எடை இரு கால்களிலும் ஏறக்குறைய சமம். 2 விடும்போது பின்கால் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, வலது தோள் முன்னே வருகிறது, எடை முன்காலில் இறங்குகிறது. அந்த இடத்தில் இடது தோள் பின்னால் போய் நிற்கிறது. அதாவது இடது ஹூக்குக்கு வேண்டிய திருப்பம் ஏற்கெனவே உடம்பில் ஏறியிருக்கிறது. ஒரு முனைக்குப் போன ஊஞ்சல் தானாகத் திரும்புவதுபோல, 2 முடிந்த உடம்பு 3-க்குத் திரும்புகிறது. 3 விட்டு முடிக்கும்போது எடை பின்காலுக்கு வருகிறது, வலது தோள் பின்னே போகிறது. இப்போது மறுபடி 2 தயார். 1-2-3-2 இவ்வளவு இயல்பாக ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

1-2-4 என்று அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 2-க்காக முன்னே வந்த அதே வலது தோளைப் பிள்ளை பின்னே இழுத்துத்தான் 4 விட வேண்டும். அந்த இழுப்புக்கு நேரம் ஆகிறது, முகம் திறக்கிறது, அடியில் பலமும் இல்லை. தேர்ந்தவர்கள் இதையும் செய்வார்கள். அதற்கான காலடி வேறு. தொடக்கத்தில் கைகள் மாறி மாறி வரட்டும். இதற்கு ஒரே விலக்கு 1-1. ஜாப்புக்கு எடை அதிகம் தேவையில்லை, சின்ன அடி எடுத்து வைத்தால் போதும் என்பதால் ஒரே கை இரண்டு தரம் போகலாம்.

கையில் கட்டும் துணி, கிளவுஸ்

மிட்ஸ் மெத்தென்று இருக்கிறதே என்று வெறுங்கையால் அடிக்க விடக் கூடாது. பெரியவர்களுக்கு 180 அங்குலம், அதாவது சுமார் 4.5 மீட்டர் நீளமுள்ள பேண்டேஜ் சரியாக இருக்கும். சிறுவர்களுக்கு 108 அங்குலம் போதும். நீளமானதைச் சுற்றினால் கை கிளவுஸுக்குள் நுழையாது. மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல்களுக்கு இடையே ஒவ்வொரு தடவை, பெருவிரலைச் சுற்றி ஒன்று, மீதி மறுபடி மணிக்கட்டுக்கு. விரித்த கையோடு கட்டவும். மூடிய பிறகு இறுக்கமாக உணர வேண்டும், விரல் நுனி வெளுக்கக் கூடாது. கிளவுஸ் பெரியவர்களுக்கு 12 அவுன்ஸ், ஒல்லியான பிள்ளைகளுக்கு 8 அல்லது 10.

அடி விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டிகளில். சுண்டு விரல் பக்கமாக விழுந்தால் அந்த விரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு உடையும். மருத்துவர்கள் அதற்குப் 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டு மடங்காமல், முழங்கைக்குக் கீழுள்ள கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று முதல் பத்து அடிகளை மெதுவாக விடச் சொல்லிப் பாருங்கள்.

பிடிப்பவர் கற்க வேண்டியது

பெரும்பாலான இடங்களில் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. பன்னிரண்டு பேர் இருக்கும் வகுப்பில் ஒரு மாஸ்டர் எல்லோருக்கும் பிடிக்க முடியாது. பிள்ளைகள் இருவர் இருவராக ஒருவருக்கொருவர் பிடிக்கத்தான் வேண்டும். ஆகவே முதல் மிட்ஸ் வகுப்பு முழுவதையும் பிடிப்பதற்கே ஒதுக்கலாம். அது வீண் போகாது. நன்றாகப் பிடிப்பவனுக்கு எதிராளியின் தோள் அசைவு கண்ணில் படத் தொடங்கும், அது பின்னால் தற்காப்புக்கு உதவும். எடையும் உயரமும் ஒத்தவர்களையே சேர்த்து நிறுத்துங்கள்.

எந்த பேட் எந்தக் கைக்கு? இரண்டு வழக்கம் உண்டு. எளிதானது: இடது கைக் குத்துக்கு உங்கள் இடது பேட், வலது கைக் குத்துக்கு உங்கள் வலது பேட். எதிரெதிரே நிற்பதால் குத்து குறுக்கே, நடுக்கோட்டை நோக்கி வரும். எதிராளியின் தாடை இருப்பதும் அந்த நடுக்கோட்டில்தான். ஹூக்குக்கும் இதுவே வசதி. உங்கள் இடது உள்ளங்கை இயல்பாக உங்கள் வலப்பக்கம் பார்க்கும், பையனின் இடது ஹூக் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. சில கூடங்களில் நேருக்கு நேர் இருக்கும் பேடைக் கொடுப்பார்கள். அதுவும் சரியே. ஒரு வகுப்பில் இரண்டையும் கலப்பதுதான் விபத்து.

பேடின் உயரம் அடிப்பவரின் தாடை மட்டம். பிடிப்பவரின் தாடை மட்டம் அல்ல. குள்ளமான பிள்ளைக்கு வளர்ந்தவர் நின்றபடி பிடித்தால் பிள்ளை தாடையைத் தூக்கி மேல்நோக்கி எறியும். முழங்காலை மடக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டூலில் உட்காருங்கள். இரு பேட்களுக்கும் இடையே நாலு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். தோள் அகலத்துக்கு விரித்துப் பிடித்தால் பையன் ஆளின் இரு தோள்களையும் குறிபார்க்கப் பழகிவிடுவான்; நேர்க்குத்து நேராக வராது. உங்கள் முகத்திலிருந்து ஒரு சாணாவது தள்ளி, முகத்துக்கு நேர் முன்னால் இல்லாமல் சற்றே ஒதுக்கிப் பிடியுங்கள். பேட் நழுவினாலும் மூக்கு தப்பும்.

முழங்கை மடங்கியே இருக்கட்டும். கையை நீட்டிப் பிடித்து ஹூக் வாங்குபவருக்கு ஒரு மாதத்தில் தோள் வலி வரும். அடி விழும் நொடியில் பேடை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் எதிரே கொடுத்து அழுத்த வேண்டும். இந்த அளவு முக்கியம். அதிகமாக எட்டிப் போய் அறைந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், பையனும் மகிழ்வான், ஆனால் அவன் குத்து பாதி வழியிலேயே நின்றுவிட்டிருக்கும். நாளை பையின் முன்னோ ஆளின் முன்னோ நிற்கும்போது அவனுக்குத் தூரம் பிடிபடாது. மாறாக, பேடைப் பின்னே இழுத்துக்கொண்டால் குத்துக்குத் தடுப்பில்லாமல் முழங்கை சடாரென்று நீண்டு பூட்டிக்கொள்ளும். முழங்கை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் பிடிப்பவரின் கையைப் பாருங்கள்.

சத்தத்தை நம்பவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பேட் வழக்கமாகக் கொடுக்கும் ஒலியில் பாதி பிடிப்பவருடையது. பையனின் பின்குதிகாலையும், திரும்பி வரும் கையையும் பாருங்கள். அவை பொய் சொல்லாது.

1-லிருந்து 1-2-3-2 வரை

தூரத்தை அளப்பதில் தொடங்குங்கள். பையன் கார்டில் நின்று இடது கையை முழுவதும் நீட்டட்டும். முஷ்டி பேடைத் தாண்டி இரண்டு அங்குலம் போகும் இடத்தில் நில்லுங்கள். அதுதான் ஜாப் தூரம். இப்போது 1 மட்டும், மெதுவாகப் பத்து. முன்கால் ஒரு பாதி அடி முன்னே போவதும் முஷ்டி பேடில் படுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கால் முதலில் போய், கை பிறகு வந்தால் அது இரண்டு வேலை. கை போன பாதையிலேயே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும்.

புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் செய்யும் தவறு இங்கேதான்: அடித்த கை கன்னத்துக்கு வராமல் மார்புக்கு இறங்கி, அங்கிருந்து ஏறும். கத்திப் பயனில்லை. "மக்கா, கை கீழ போனா தொடுவேன்" என்று முன்பே சொல்லிவிட்டு, மற்ற பேடால் கன்னத்தை மெதுவாகத் தொடுங்கள். தொடுவதுதான், அடிப்பது அல்ல. அடித்தால் பிள்ளை கண்ணை மூடப் பழகும். கண் மூடும் பழக்கம் கை இறங்குவதைவிடக் கேடு.

அடுத்து 1-1, பிறகு 1-2. இரண்டாவதுக்குப் பின்குதிகால் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும், சிகரெட் துண்டை மிதித்து அணைக்கும் அளவுக்குப் பாதத்தின் முன்பகுதி சுழல வேண்டும். குதிகால் தரையிலேயே ஒட்டியிருந்தால் அது வெறும் கை வலிமை. முழங்கை வெளியே விரிகிறதா என்றும் கவனியுங்கள். பையனின் வலப்பக்கம் இன்னொரு ஆளையோ சுவரையோ நெருக்கமாக நிறுத்தினால் விரிக்க இடமிருக்காது, தானாக நேராகும். 2 போகும்போது இடது கை கன்னத்தில் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க, அவ்வப்போது 2 விழுந்ததும் "நில்லு" என்று சொல்லி உறைய வையுங்கள். மூக்கு முன்முழங்காலைத் தாண்டியிருந்தால் எடை தேவைக்கு மேல் முன்னே போய்விட்டது. அங்கிருந்து 3 வராது, விழத்தான் முடியும்.

1-2-வின் தாளம் கடிகார முள்ளைப்போலச் சமமாக இருக்கக் கூடாது. ஜாப் தொட்டுத் திரும்பும் வழியிலேயே கிராஸ் கிளம்ப வேண்டும்: டடக். ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால் 'உஸ்' என்று ஒரு சின்ன மூச்சு வெளியேறட்டும். மூச்சை அடக்கி அடிக்கும் பிள்ளை ஒன்றரை நிமிடத்தில் வாயைத் திறந்துவிடும். கண்கள் பேடைத் துரத்தாமல் உங்கள் தாடையிலோ மார்பிலோ நிற்கட்டும்.

1-1-2 இதற்குப் பிறகு எளிதாக வரும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

1-2-3-தான் முதல் மதில். ஹூக்கின் தூரம் நேர்க்குத்தின் தூரத்தைவிடக் குறைவு. முழங்கை ஏறக்குறைய 90 பாகை மடங்கியிருக்கும் குத்து அது. ஜாப் தூரத்தில் நின்று ஹூக் விட்டால் பையன் கையை நீட்டி வீசுவான், உள்ளங்கைப் பக்கம் பேடில் அறையும். ஆகவே 2 போகும்போதே கால்கள் அரையடி உள்ளே வர வேண்டும். பிடிப்பவர் இடது பேடை உள்நோக்கித் திருப்பி, பையனின் தாடை மட்டத்தில், நடுக்கோட்டில் வைக்க வேண்டும். பேடைப் பையனின் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். ஹூக்கில் முழங்கை முஷ்டியின் மட்டத்துக்கு எழும்ப வேண்டும். முழங்கை தொங்கினால் குத்து கீழிருந்து மேலே போகும் அரைகுறை அப்பர்கட்டாகிவிடும். கட்டைவிரல் மேலே பார்த்தாலும் சரி, உள்ளங்கை தரையைப் பார்த்தாலும் சரி, இரண்டு வழியும் உண்டு. மணிக்கட்டு மடங்காதிருப்பதே முக்கியம். முன்குதிகால் வெளிப்பக்கம் திரும்ப, இடுப்பு அதனோடு திரும்ப வேண்டும்.

ஹூக்குக்கு முன் கையைப் பின்னே இழுத்து ஓங்கும் பழக்கம் எல்லாருக்கும் வரும். "ஓங்காதல, கை கன்னத்துல இருந்தே திரும்பட்டும்" என்று நூறு முறை சொல்வதைவிட, 2 விட்ட நிலையில் பையனை நிறுத்தி, அங்கிருந்து 3 மட்டும் பத்துத் தரம் விடச் சொல்லுங்கள். இடது தோள் ஏற்கெனவே பின்னே இருப்பதை உடம்பு கண்டுகொள்ளும். ஓங்க வேண்டிய தேவையே இல்லை என்பதும் புரிந்துவிடும். 1-2-3 இப்படிப் பிடிபட்டால் 1-2-3-2 ஒரே வகுப்பில் வந்துவிடும்.

தொடக்கத்தில் எண்ணைச் சொல்லிப் பேடைக் காட்டுங்கள். தமிழோ ஆங்கிலமோ, ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் எண்ணை விட்டுவிட்டு பேடை மட்டும் காட்டுங்கள்: இடையில் பேட்கள் மார்பை ஒட்டி மூடியிருக்க, திடீரென ஒன்று திறந்தால் 1, இரண்டும் திறந்தால் 1-2. ஒரு நொடிதான் திறந்திருக்கும். களத்தில் எந்த எதிராளியும் எண் சொல்லி வழி காட்ட மாட்டான்.

போட்டிச் சுற்று 3 நிமிடம், இடைவேளை 1 நிமிடம் என்ற வழக்கம் 1867-இல் வந்த குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்தே இருக்கிறது. புதியவர்களுக்கு 2 நிமிடச் சுற்று மூன்று போதும். மூன்றாவது சுற்றில் வடிவம் கலைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். களைத்த உடம்பு கலைந்த வடிவத்தைத்தான் மனப்பாடம் செய்யும்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள், நம்ம ஊர்த் தரை

சிலம்பம் பழகிய பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய வருவார்கள். இடுப்புத் திருப்பமும் காலின் லாகவமும் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. 2-ம் 3-ம் சீக்கிரம் வரும். ஆனால் கம்பு சுழற்றும் பழக்கத்தில் கால் அகலும், அடிக்கு அடி முன்கால் மாறும். முதல் மாதம் ஒரே காலை முன்வைக்கச் சொல்லித் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, இரு பாதமும் கோட்டின் இரு பக்கமும் நிற்க வைத்தால் போதும். கபடிப் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல்: இடுப்பை வளைத்து முன்னால் குனிந்தே நிற்பார்கள். எடை முன்னேயே இருப்பதால் 2-க்குத் தள்ளப் பின்காலில் ஒன்றும் மிச்சமிருக்காது. பேடை அரைச் சாண் உயர்த்திப் பிடித்தால் முதுகு தானாக நிமிரும்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் ஓடுவது காலுக்கு நல்லது. மிட்ஸுக்கு அது ஆகாது. பாதம் மணலில் புதைந்து சுழல மறுக்கும்போது இடுப்பு திரும்ப, முறுக்கு முழுவதும் முழங்காலில் ஏறும். கெட்டித்த செம்மண் தரையோ மொட்டை மாடியோ போதும். மாடியில் தூசியைக் கூட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து விலகி நில்லுங்கள்.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40 பாகை செல்சியஸைத் தொடும். அந்த மாதங்களில் மிட்ஸ் வேலை காலை 7 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு இடைவேளையிலும் இரண்டு மடக்குத் தண்ணீர். தலைவலி, மயக்கம், வாந்தி வருவதுபோல் இருக்கிறது என்று சொன்னால் கிளவுஸைக் கழற்றி நிழலில் உட்கார வையுங்கள், அன்றைக்கு அதோடு சரி. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நனைந்த மிட்ஸையும் கிளவுஸையும் பைக்குள் மூடி வைத்தால் இரண்டே நாளில் நாறும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். நேர் வெயில் தோலை வெடிக்க வைக்கும்.

அடுத்தது எப்போது

எண் சொல்லாமல், பேட் காட்டியே, மூன்றாம் சுற்றின் கடைசி அரை நிமிடத்திலும் 1-2-3-2 கலையாமல் வந்து இரு கையும் கன்னத்துக்குத் திரும்பினால் தற்காப்பைச் சேர்க்கலாம். 1-2 விழுந்ததும் உங்கள் இடது பேடைப் பையனின் வலத் தோளுக்கு மேலாக, தலையை உரசாத தூரத்தில், நேராக மெதுவாக நீட்டுங்கள். அவன் முழங்காலை மடக்கித் தலையை வலப்பக்கம் சாய்க்காமல் இடப்பக்கம் விலக்கி, திரும்பி வரும்போது 3 விடட்டும். அங்கே எடை இடது காலில் இருக்கும், ஹூக் தயாராக இருக்கும். முதல் நாளில் இதையும் பத்துத் தரம், மெதுவாக.